எட்டாவது தொகுதியில் நின்றுபோன வாசகிக்கு

கேள்வி:

வணக்கம் மேடம். சின்ன வயதிலிருந்தே புத்தகமும் கையுமாகத் திரிந்தவள் நான். தம்பி விடாமல் சொன்னதால் ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' ஃபேன்டசி தொடரை ஆரம்பித்தேன். முதல் ஆறு தொகுதிகள் பறந்தன. ஏழாவதைத் தட்டுத்தடுமாறி முடித்தேன். எட்டாவதை எடுத்து ஐந்து மாதம் ஆகிறது, இருநூறாவது பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. எனக்குப் பிடித்த பாத்திரமான மேட் இதுவரை தலைகாட்டவே இல்லை. இதை முடிக்காமல் வேறு புத்தகத்தைத் தொடவும் மனம் வரவில்லை. ஆக, ஐந்து மாதமாக எதையுமே படிக்கவில்லை. "பாதியில் விட்டால் படித்ததே கணக்கில் வராது அக்கா" என்கிறான் தம்பி. நிறுத்தலாமா? நிறுத்தினால் எங்கே? இன்னும் இரண்டு சந்தேகங்கள். 41 புத்தகம் கொண்ட 'டிஸ்க்வேர்ல்ட்' மேல் ரொம்ப நாளாக ஒரு கண். அதை எங்கே தொடங்குவது? பத்து வயது மகளுக்கு நார்னியா ஏழு புத்தகமும் பரிசாக வந்திருக்கிறது. 1 என்று எண் போட்டதிலிருந்தே ஆரம்பிக்கட்டுமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. என்னை உறுத்தியதோ கேள்வியே இல்லாத ஒரு வரி. ஐந்து மாதமாக எதையுமே படிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது. எனவே முதலில் அதற்கு ஒரு வழி செய்வோம். அந்த எட்டாவது தொகுதியை இன்றைக்கே அலமாரியில் வையுங்கள். பக்க அடையாளத்தை எடுக்க வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும். இருநூறு பக்கத்துக்குள் முடிகிற ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து ஒரே மூச்சில் படித்து முடியுங்கள். எந்தப் புத்தகம் என்பது முக்கியமில்லை. 'முடித்தேன்' என்கிற ருசி நாக்கில் பட்டு ரொம்ப நாளாகிவிட்டது உங்களுக்கு. அது திரும்பி வந்த பிறகுதான் பெரிய தொடரைப் பற்றித் தெளிவாக யோசிக்க முடியும்.

சரி, இப்போது உங்கள் தம்பியிடம் காட்ட ஒரு சாட்சி தருகிறேன். நான் பணியாற்றிய நூலகத்தில் ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைக்கு உள்ளேயும் ஒரு தாள் ஒட்டியிருப்போம், திருப்பித் தரவேண்டிய தேதியை முத்திரை குத்துவதற்கு. ஒரு நீண்ட தொடரின் எல்லாத் தொகுதிகளையும் மேசையில் வரிசையாக அடுக்கி அந்தத் தாள்களை மட்டும் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. முதல் தொகுதியில் தாளுக்கு மேல் தாள் ஒட்டி அட்டையே தடித்துப்போயிருக்கும். முதுகு பிளந்து டேப் போட்டிருப்போம். இரண்டாவதில் முத்திரைகள் பாதியாகியிருக்கும். ஐந்து, ஆறு வரும்போது ஒற்றைத் தாள்தான், அதுவும் நிரம்பியிருக்காது. எட்டிலும் ஒன்பதிலும் நாலைந்து முத்திரை இருந்தால் அதிகம். முதுகில் ஒரு சுருக்கம் இருக்காது, புதுப் புத்தக வாசனைகூடப் போயிருக்காது. வேடிக்கை என்னவென்றால் கடைசித் தொகுதியில் முத்திரைகள் மறுபடியும் கூடியிருக்கும். வழியில் எங்கேயோ இறங்கிப்போனவர்கள், கடைசியில் என்னதான் ஆச்சு என்று தெரிந்துகொள்ள வந்து எடுத்துப்போனவை அவை. அவர்களில் ஒருவர்கூடத் தலைகுனிந்து வந்து நான் பார்த்ததில்லை. நீங்கள் தனியாக இல்லை, பெரிய கூட்டத்தில்தான் நிற்கிறீர்கள்.

உங்கள் தொடருக்கு வருகிறேன். மொத்தம் 14 தொகுதிகள். முதலாவது 1990இல் வந்தது, கடைசி 2013இல். ஜோர்டன் 2007இல் இறந்துவிட்டார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளையும் எழுதிவைத்த பகுதிகளையும் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் மீதியை முடித்தார். ஒரே தொகுதியில் முடிக்கத்தான் ஜோர்டன் நினைத்திருந்தார். அது மூன்று தொகுதிகளாக, 2009, 2010, 2013 என வெளிவந்தது. எங்கே நிறுத்துவது என்று உங்களுக்குக் குழப்பம் இருப்பதில் ஆச்சரியமே இல்லை. எழுதியவருக்கே அது பிடிபடவில்லை.

நீங்கள் மாட்டிக்கொண்ட இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் மாட்டுகிறார்கள். ஏழாவதிலிருந்து பத்தாவது வரையான நீளத்துக்கு அந்தத் தொடரின் வாசகர்கள் ஆங்கிலத்தில் ஒரு பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். சேற்றில் காலை இழுத்து இழுத்து நடப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேறு சரியாக எந்தத் தொகுதியில் ஆரம்பிக்கிறது என்பதில் அவர்களுக்குள் சண்டை உண்டு. சேறு இருக்கிறது என்பதில் சண்டை இல்லை.

காரணம் எளிமையானது. ஒரு சிறு கிராமத்திலிருந்து இரவோடு இரவாகக் கிளம்பும் சில இளைஞர்களின் கதையாகத்தான் இது ஆரம்பிக்கிறது. எல்லோரும் ஒன்றாக நடக்கும்வரை ஒரு அத்தியாயம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. அவர்கள் ஆளுக்கொரு திசையில் பிரிந்த பிறகு ஒவ்வொருவருக்கும் தனி அத்தியாயம், தனி எதிரி, தனிப் பரிவாரம் என்றாகிவிட்டது. சிலரை ஒரு தொகுதி முழுக்க வெளியே நிறுத்த வேண்டிவந்தது. ஐந்தாவதில், அந்த இளைஞர்களில் ஒருவரான பெர்ரின் கிடையாது. எட்டாவதில் மேட் கிடையாது. ஆமாம், நீங்கள் இன்னும் நானூறு பக்கம் புரட்டினாலும் அவர் வரமாட்டார். இது உங்கள் கவனக்குறைவு இல்லை. மேடுக்காகப் படிக்கிற ஒருவர் மேட் இல்லாத தொகுதியில் நின்றுபோனது ரொம்ப நியாயம். அவர் ஒன்பதாவதில் திரும்பி வருகிறார்.

இதற்குமேல் போக வேண்டுமா என்பதை ஒரு சின்னச் சோதனையில் கண்டுபிடிக்கலாம். புத்தகத்தை மூடிவிட்டு, 'இவருக்கு அப்புறம் என்ன ஆனது?' என்று கேட்கத் தோன்றுகிற பெயர் ஒன்று சட்டென்று வருகிறதா பாருங்கள். அலமாரியையோ உறைப்படத்தையோ பார்க்காமல் வரவேண்டும். ஒரு பெயர் வந்தால் அந்தப் பெயரைப் பின்தொடர்ந்து போங்கள், மற்றதையெல்லாம் வேகமாகத் தாண்டலாம். எந்தப் பெயரும் வரவில்லை, 'எப்படித்தான் முடியப்போகிறது' என்கிற பொதுவான அரிப்பு மட்டும் இருக்கிறது என்றால், அதற்கு ஆயிரக்கணக்கான பக்கம் தேவையில்லை. ஒரு மணி நேரச் சுருக்கம் போதும். அந்த அரிப்பும் இல்லை, 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்பது மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது என்றால் கதை உங்களுக்கு முடிந்துவிட்டது. ஆசிரியர் எழுதிக்கொண்டே போனார், அது அவர் வேலை.

உங்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது. கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே என் யோசனை இது. எட்டாவதை முடிக்க வேண்டாம். இந்தத் தொடருக்கு அத்தியாயவாரியாக நல்ல சுருக்கங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. எட்டாவதின் மீதியை அதில் படித்துவிட்டு ஒன்பதாவதைக் கையில் எடுங்கள், மேட் அங்கே காத்திருக்கிறார். ஒன்பதாவதின் இறுதியில் ஒரு பெரிய காரியம் நடக்கிறது, என்ன என்று சொல்லமாட்டேன். 2003இல் வந்த பத்தாவது தொகுதியின் பெரும்பகுதி, அந்தக் காரியம் நடந்த அதே நேரத்தில் மற்றவர்கள் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஒவ்வொருவராகக் காட்டுவதற்கே போய்விடுகிறது. இடி விழுந்து முடிந்த பிறகு, அப்போது யார் யார் எங்கே ஒதுங்கி நின்றார்கள் என்று கணக்கெடுப்பது போல. அதையும் கூச்சமில்லாமல் சுருக்கத்தில் தாண்டுங்கள். பதினொன்றாவது 2005இல் வந்தது, ஜோர்டன் தன் கையாலேயே முடித்த கடைசித் தொகுதி. அதில் கதை மறுபடி நிமிர்ந்து நடக்கிறது. அங்கே வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றால் மீதி மூன்றைப் பற்றி என்னிடம் கேட்கமாட்டீர்கள்.

இதற்கெல்லாம் தெம்பில்லை என்றால் ஆறாவதின் முடிவையே உங்கள் முடிவாக வைத்துக்கொள்ளலாம். பெரிய போர் ஒன்றோடு முடிகிறது அது. அங்கே இறங்கிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும், நன்றாகத்தான் இருக்கிறார்கள். இன்னொரு சின்ன வழியும் உண்டு. இதே தொடருக்கு ஜோர்டன் 2004இல் ஒரு முன்கதை வெளியிட்டார், 'நியூ ஸ்பிரிங்'. தொடரில் வரும் மந்திரக்காரி மொய்ரெய்னும் அவளுடைய மெய்க்காவலர் லேனும் எப்படிச் சந்தித்தார்கள் என்பது கதை. மற்ற எல்லாத் தொகுதிகளையும்விட இது சிறியது, ஆட்களும் குறைவு. தொடரின் மேல் இன்னும் பிரியம் மிச்சமிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நாலைந்து நாள் போதும்.

தம்பி சொல்கிற 'கணக்கில் வராது' பற்றி. நானும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தேன். ஒரு தொடரை, பெயர் வேண்டாம், பத்துத் தொகுதி பிடிவாதமாகப் படித்து முடித்தேன். நாலாவதிலேயே அலுத்துவிட்டது. ஆனாலும் விடவில்லை, விட்டால் தோற்றுப்போனதாக ஒரு நினைப்பு. இன்றைக்கு அதிலிருந்து என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டால் ஒரு குதிரையின் பெயர் இருக்கிறது. யாருடைய குதிரை என்பதுகூட மறந்துவிட்டது. முழுசாகப் படித்த எனக்கு அந்தத் தொடர் கணக்கில் வந்ததா, எட்டாவதில் நின்ற உங்களுக்கு ஜோர்டன் கணக்கில் வந்தாரா? மேட் எப்போது வருவார் என்று தவிக்கிறீர்களே, அதைவிட வேறென்ன கணக்கு வேண்டும்?

ஆசிரியர்கள் 'முடிந்தது' என்று சொல்வதைப் பெரிதாக நம்பவும் வேண்டாம். அர்சுலா லெ குவின் 'எர்த்ஸீ' கதைகளை 1968இல் தொடங்கி 1972இல் மூன்றாவது புத்தகத்தோடு நிறுத்தினார். பதினெட்டு ஆண்டு கழித்து 1990இல் நான்காவதாக 'டெஹானு' வந்தது. அதன் துணைத்தலைப்பே 'எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம்' என்றுதான் இருந்தது. 2001இல் இன்னும் இரண்டு எழுதிவிட்டார்! மூன்றோடு நிறுத்தினால் அது ஒரு மந்திரவாதியின் கதை, அழகாக வட்டம் பூர்த்தியாகும். நான்காவதுக்குப் போனால் அதே மந்திரவாதி சக்தியெல்லாம் இழந்து திரும்பி வருகிறார். கதையோ ஒரு விதவையையும் தீயில் வெந்த ஒரு சின்னப் பெண்ணையும் பற்றியது. முதல் மூன்றின் மேல் உயிரையே வைத்திருந்த சிலருக்கு இது அறவே பிடிக்கவில்லை. எனக்கு ஆறிலும் இதுதான் உசத்தி. இருபது வயதில் படித்திருந்தால் நானும் திட்டியிருப்பேன் என்று நினைக்கிறேன். ஆகவே சில தொடர்களுக்கு நிறுத்தும் இடம் வயதைப் பொறுத்து மாறும். இப்போது மூன்றோடு நின்று, பத்து வருடம் கழித்து நான்காவதை எடுப்பதும் ஒரு வாசிப்பு முறைதான்.

ஸ்டீபன் கிங் இன்னும் ஒரு படி மேலே போனார். 1982இல் தொடங்கிய 'தி டார்க் டவர்' தொடரின் ஏழாவது தொகுதி 2004இல் வந்தது. அதன் கடைசிப் பகுதிக்கு முன்னால் கதையை நிறுத்திவிட்டு வாசகரிடம் நேரடியாகப் பேசுகிறார். இங்கேயே மூடிவிடலாம், இதற்குமேல் போனால் பிறகு வருத்தப்படக்கூடும் என்கிற தோரணையில். எத்தனை பேர் மூடியிருப்பார்கள்? நான் மூடவில்லை. வருத்தப்படவும் இல்லை, கொஞ்சம் கோபப்பட்டேன்.

இன்னும் முடியாத தொடரில் கால் வைக்கும்போது மட்டும் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' 1996இல் தொடங்கியது, ஐந்தாவது தொகுதி 2011இல் வந்தது. அடுத்ததற்கான காத்திருப்பு பத்தாண்டைத் தாண்டிவிட்டது. இதை யாராவது கேட்டால், 2000இல் வந்த மூன்றாவதோடு நிறுத்தச் சொல்வேன். முதல் தொகுதியில் போட்ட முடிச்சுகளில் பல அதில் அவிழ்ந்துவிடுகின்றன. நான்காவதும் ஐந்தாவதும் ஒரே புத்தகமாக இருக்க வேண்டியவை. பெருத்துப்போனதால் ஆசிரியர் கதையை நடுவே வெட்டாமல் ஆட்களையும் இடங்களையும் பிரித்து இரண்டாக்கினார். அதனால் நான்காவதில் பாதிப் பேரைக் காணோம். உங்கள் மேட் கதைதான் அங்கேயும்.

இதற்கு நேர்மாறாக, நிறுத்துவதற்கென்றே வசதி செய்துகொடுத்தவர் ராபின் ஹாப். 1995 முதல் 2017 வரை ஒரே உலகத்தை வைத்து 16 புத்தகங்கள் எழுதியிருக்கிறார். ஆனால் அவை நான்கு மூன்று-தொகுதிக் கதைகளாகவும் ஒரு நான்கு-தொகுதிக் கதையாகவும் பிரிந்திருக்கின்றன. மூன்றாவது, ஆறாவது, ஒன்பதாவது என்று படிக்கட்டு போல இறங்குமிடங்கள். ஒன்பதோடு நின்றாலும் மனம் நிறையும். நாலு முதல் ஆறு வரை வேறு நாடு, வேறு ஆட்கள். பலருக்கு அங்கே குதித்துத் தாண்டிவிடத் தோன்றும், தாண்டாதீர்கள். தாண்டினால் ஏழாவதில் சில விஷயங்கள் பாதி பலத்தோடுதான் வந்து விழும்.

அடுத்து உங்கள் இரண்டாவது கேள்வி. எங்கே தொடங்குவது என்பதற்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். அந்தத் தொடர் ஒரே கதையைத் துண்டுபோட்டதா, ஒரே ஊரில் நடக்கும் பல கதைகளா? 'தி வீல் ஆஃப் டைம்' முதல் வகை. நடுவில் ஏற முடியாது, ஏறினால் எவர் பேசுவதும் புரியாது. 'டிஸ்க்வேர்ல்ட்' இரண்டாம் வகை. 1983 முதல் 2015 வரை டெர்ரி பிராட்செட் எழுதிய 41 நாவல்களும் ஏறக்குறைய ஒவ்வொன்றும் தனியாக முடிகிறவை. மரணதேவன் வரும் கதைகள், சூனியக்காரிகள் கதைகள், நகரக் காவல்படைக் கதைகள் என்று சில சங்கிலிகள் உள்ளே ஓடுகின்றன, அவ்வளவுதான்.

முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள். இந்தத் தொடருக்கு அது செல்லாது. முதல் இரண்டு புத்தகங்களும் அன்றைய ஃபேன்டசிக் கதைகளைக் கிண்டலடிப்பதற்காகவே எழுதப்பட்டவை. யாரைக் கிண்டலடிக்கிறார் என்று தெரியாவிட்டால் பாதிச் சிரிப்பு போய்விடும். ஒன்றாவதிலிருந்துதான் ஆரம்பிப்பேன் என்று அடம்பிடித்து இரண்டோடு ஓடிப்போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பிராட்செட்டுக்குக் கை பழக நாலைந்து புத்தகம் ஆயிற்று. நீங்கள் 1989இல் வந்த எட்டாவதில் ஏறுங்கள், 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' என்று பெயர். யாரும் மதிக்காத ஒரு காவல்படை, குடியில் கிடக்கும் அதன் தலைவர், நகரத்துக்குள் ஒரு டிராகன். பிடித்துவிட்டால் அதே ஆட்கள் 1993இல் 'மென் அட் ஆர்ம்ஸ்', 1996இல் 'ஃபீட் ஆஃப் க்ளே' என்று தொடர்ந்து வருகிறார்கள். ஒரே ஒரு புத்தகம் படித்துப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றால் 1992இல் வந்த 'ஸ்மால் காட்ஸ்'. ஒரு பெரிய கடவுள், தன்னை உண்மையாக நம்புகிறவன் ஒரே ஒருவன்தான் மிச்சம் என்பதால் ஆமையாகச் சுருங்கிப்போய்க் கிடக்கிறார். வேறு எதையும் படித்திருக்கத் தேவையில்லை, அதோடு நின்றும்விடலாம்.

1987இல் வந்த 'மார்ட்'டும் நல்ல வாசல்தான். மரணதேவன் ஒரு பையனை வேலை பழக எடுத்துக்கொள்கிறார். அவர் பேசுவது மட்டும் முழுக்கப் பெரிய எழுத்துகளில் அச்சாகியிருக்கும், குரலே காதில் கேட்கும். தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து என்கிற ஏற்பாடே இல்லையே, இதை மொழிபெயர்ப்பவர் என்ன செய்வார் என்று சில நாள் யோசித்திருக்கிறேன்.

எங்கே நிறுத்துவது என்ற கவலை இங்கே கிடையாது. 41ஐயும் படிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒன்றே ஒன்று, 2015இல் பிராட்செட் இறந்த பிறகு வெளிவந்த 'தி ஷெப்பர்ட்ஸ் க்ரௌன்' புத்தகத்தைக் கடைசிவரை தொடாமல் வைத்திருங்கள். அதற்கப்புறம் புதிதாக எதுவும் வராது, நிச்சயமாக. அவருடைய விருப்பப்படியே, முடிக்காத எழுத்துகள் இருந்த ஹார்ட் டிரைவை 2017இல் ஒரு பழைய நீராவி ரோடு ரோலரை ஏற்றி நசுக்கிவிட்டார்கள்.

மகளின் நார்னியாவுக்கு வருவோம். இப்போது விற்பனையாகும் பதிப்புகளில் கதை நடக்கும் காலவரிசைப்படி எண் போடுகிறார்கள். ஆகவே 1 என்று எண் போட்டிருப்பது 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ'. சி. எஸ். லூயிஸ் அதை வெளியிட்டது 1955இல், ஆறாவது புத்தகமாக. 1950இல் முதலில் வந்தது 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்', உங்கள் பெட்டியில் அது 2 என்றிருக்கும். மகள் அதிலிருந்து ஆரம்பிக்கட்டும்.

ஏன் என்றால், அதில் ஒரு சின்னப் பெண் துணி அலமாரிக்குள் புகுந்து பனி கொட்டும் காட்டுக்கு வந்து சேர்கிறாள். காட்டின் நட்டநடுவே ஒரு தெருவிளக்குக் கம்பம் எரிந்துகொண்டிருக்கிறது. வீடில்லை, தெருவில்லை, விளக்கு மட்டும். படிக்கிற குழந்தை 'இது எப்படி இங்கே வந்தது?' என்று அந்த இடத்தில் ஒரு கணம் நிற்கும். பதில் 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ'வில் இருக்கிறது. அதை முதலில் படித்துவிட்டால் விடை தெரிந்த விடுகதைதான். கம்பத்தைப் பார்த்ததும் 'ஓ, அதுவா' என்று தாண்டிப் போய்விடுவாள்.

முன்கதை என்று வருகிற பெரும்பாலான புத்தகங்கள், பின்கதை தெரிந்தவர்களை மனதில் வைத்து எழுதப்படுகிறவை. நம் கல்கியிடம் இது உண்டே! 'பார்த்திபன் கனவு'தான் முன்னால் எழுதியது. 'சிவகாமியின் சபதம்' அதற்குப் பின்னால் வந்தது, ஆனால் கதைக்காலத்தில் அதற்கு முந்தியது. கல்யாண வயதில் மகள் இருக்கும் சக்கரவர்த்தியாக நரசிம்மவர்மரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, அவரைக் காதலில் தவிக்கும் இளவரசராகப் பிறகு பார்ப்பதில் ஒரு தனி வலி இருக்கும். காலவரிசைப்படி படித்தால் அந்த வலி கிடைக்காது. 'பார்த்திபன் கனவு'க்குள் ஒளிந்திருக்கும் ஒரு ரகசியமும் சப்பென்று ஆகிவிடும்.

லூயிஸே 1957இல் ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் காலவரிசைதான் தனக்கும் பிடித்திருப்பதாகச் சொன்னார் என்று உங்களிடம் யாராவது வாதாடலாம். உண்மைதான். அதே கடிதத்தில், எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது என்கிற மாதிரியும் எழுதியிருக்கிறார். அந்த இரண்டாவது பாதியை யாரும் சொல்வதில்லை. மகள் ஏற்கெனவே 1ஐத் திறந்து பத்துப் பக்கம் படித்துவிட்டிருந்தால் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் விளக்குக்கம்பத்தைவிடப் பெரிய இழப்பு.

கடைசியாக, வேலை செய்கிற ஒரு உபாயம். பெரிய தொடரை இடைவெளி விட்டுப் படிப்பதில் ஒரே ஆபத்து, திரும்பி வரும்போது பெயர்கள் மறந்துபோவது. ஒவ்வொரு தொகுதி முடிந்த இரவிலும், தூங்கப்போவதற்கு முன்னால், ஒரு துண்டுத் தாளில் ஐந்தே வரி எழுதிப் பின்னட்டைக்குள் செருகிவிடுங்கள். யார் எங்கே இருக்கிறார், யாருக்கு யார்மேல் கோபம், எந்தப் பொருள் யார் கையில். உங்கள் மொழியிலேயே, உங்கள் கிண்டலோடு எழுதுங்கள். "அந்தத் தாடிக்காரனை நம்பாதே" என்று நான் எழுதிவைத்த ஒரு தாள் மூன்று வருடம் கழித்து ஒரு அத்தியாயத்தையே மிச்சப்படுத்தியது. அந்தத் தாள் கையில் இருந்தால் எத்தனை வருடம் வேண்டுமானாலும் நிறுத்தி வைக்கலாம். முடிவெடுப்பதும் அந்த இரவில்தான் நல்லது, தொகுதியின் நடுவில் அலுப்பில் எடுக்கும் முடிவு அடுத்த அத்தியாயத்திலேயே மாறிவிடும். எட்டாவதை நடுவில் மூடச் சொன்னது உங்கள் விஷயத்தில் விதிவிலக்கு, ஐந்து மாதம் என்பது அலுப்பு இல்லை, வாசல்படியில் உட்கார்ந்துவிட்டது.

தம்பி மறுபடியும் கணக்கு பேசினால் வாக்குவாதம் வேண்டாம். "பத்தாவது தொகுதியில் என்னடா நடக்கிறது, சொல்லு பார்ப்போம்" என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருங்கள்.

அன்புடன்,
உங்கள் நூலகர்